கிராவல் பாதையில் குடகனாற்றைத் தேடி... திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் பயணம்!

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 'கிராவல்' என்று சொன்னால் யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. டிப்பர் லாரிதான் ஞாபகம் வரும். வீட்டுமனையை மேடாக்க, புதுச்சாலைக்கு அடித்தளம் போட, பள்ளத்தை நிரப்ப என்று சிவந்த சரளை மண்ணுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. 'எங்க ஊர்ல கிராவல் அள்றாங்க' என்றால் அது பெரும்பாலும் புகார்தான்.

கடல் கடந்து போனால் இதே சொல்லுக்கு வேறொரு முகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய ஊர். 2006-ல் அங்கே சில பத்துப் பேர் கூடி, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே போகும் சரளைப் பாதைகளில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர், சைக்கிள் ஓட்டினார்கள். இன்று அதே பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2022-ல் இத்தாலியின் வெனட்டோ பகுதியில் கிராவல் சைக்கிளுக்கென்று முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்துவிட்டது. தார் இல்லாத, லாரி வராத, வயலும் காடும் ஆறும் கூடவே வரும் பாதையில் சைக்கிள் மிதிப்பதுதான் இந்த விளையாட்டின் சாரம்.

அதற்கென்று தனி சைக்கிளும் வந்திருக்கிறது. பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, மேடு ஏற இலகுவான கியர், டிஸ்க் பிரேக், கொஞ்சம் அகலமான டயர். பெரும்பாலும் 40 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அகலம்தான் முக்கியம். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளும், உடம்பு குலுங்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயரில் '28 X 1½' என்று எழுதியிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் கிட்டத்தட்ட அதே 40 மில்லிமீட்டர்தான்! மண் பாதைக்காகவே உருவான வண்டி அது. முன்னால் பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, பாரில் பேரன் என்று திண்டுக்கல் சமவெளியின் வண்டிப்பாதைகளில் அது ஓடாத நாளில்லை. கிராவல் சைக்கிள் என்ற பெயர் வருவதற்கு முன்பே நம் ஊரில் கிராவல் சைக்கிள் இருந்தது. கியர் மட்டும்தான் இல்லை.

பாதைகளும் இன்னும் இருக்கின்றன, முழுதாக இல்லாவிட்டாலும். அவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தண்ணீர் போன வழியே போவது!

மலைக்கோட்டையிலிருந்து ஒரு பார்வை

கிளம்பும் முன் திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறிப் பார்ப்பது நல்லது. திண்டு போலக் கிடக்கும் இந்த ஒற்றைப் பாறைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. மதுரை நாயக்கர்களில் ஒருவரான முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கோட்டை வேலையைத் தொடங்கினார். பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் என்று கைமாறியது. மேலே நின்றால் எதிரி வருவது நாலா பக்கமும் தெரியும் என்பதுதான் காரணம்.

சைக்கிள்காரருக்கும் அந்த உயரம் உதவும். மேற்கே பழநி மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடக்கிறது. தென்கிழக்கே சிறுமலை. நடுவில் தென்னை, சோளக்காடு, பூந்தோட்டம், நூற்பாலைக் கூரைகள், ஆங்காங்கே கண்ணாடித் துண்டு போல மின்னும் குளங்கள்.

குடகனாறு பிறப்பது மேற்கே தெரியும் அந்த மலையின் கீழ்ச்சரிவுகளில். அங்கிருந்து ஆத்தூர் வட்டாரத்தில் சமவெளிக்கு இறங்கி, திண்டுக்கல்லுக்கு மேற்குப் புறமாக வடக்கே திரும்பி, தாடிக்கொம்பு, வேடசந்தூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. அமராவதி போய்ச் சேருவது காவிரியில். ஆக, ஆத்தூர் மலையடிவாரத்தில் பெய்கிற மழைக்குக் கடைசி முகவரி காவிரி!

முதல் காலை: குளத்துக்கரைகள்

விடிகாலை ஐந்தரை மணிக்கு நகரைவிட்டுக் கிளம்பி வத்தலக்குண்டு சாலையில் செம்பட்டி வரை போனால், ஆத்தூர் பக்கத்தில்தான். மொத்தம் இருபது கிலோமீட்டர் அளவுக்கு வரும். மதுரை சாலையில் போய் சின்னாளபட்டி வழியாகச் சுற்றி வருபவர்களும் உண்டு. அந்தப் பக்கம் சுங்குடிச் சேலைக்குப் பேர்போன தெருக்களையும், டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆத்தூர் வட்டாரத்துக்குள் நுழைந்ததும் காற்று மாறிவிடும். நெல் வயல், தென்னந்தோப்பு, வாய்க்கால் சலசலப்பு. இது திண்டுக்கல்தானா என்று சந்தேகமே வரும். மலையடிவாரத்தில் இருக்கும் காமராஜர் நீர்த்தேக்கம்தான் திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீருக்கு முக்கியமான ஆதாரம். அங்கிருந்து கீழே வரும் தண்ணீர் குளம் குளமாக நிரம்பி இறங்குகிறது.

கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற பாதை குளத்துக்கரைதான். மேடாக, கெட்டியாக, ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்தில் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பத்தடி கீழே பச்சை வயல். மழைக்குப் பிறகான மாதங்களில் குளத்தின் உள்வாய் முழுக்கச் சதுப்பாகிக் கோரைப்புல் எழுந்து நிற்கும். கொக்கும் நாரையும் காலை நனைத்துக்கொண்டு மீனுக்குக் காத்திருக்கும். நீர்க்காகம் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும். சைக்கிளுக்குச் சத்தம் இல்லாததால் பக்கத்தில் போகும்வரை அவை பறப்பதில்லை. திண்டுக்கல் சமவெளியில் பெரிய சதுப்புநிலம் என்று ஏதுமில்லை. வருஷத்தில் மூன்று நான்கு மாதம் இந்தக் குளங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

கரையில் போகும்போது குளத்தின் உறுப்புகளைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவருவது வரத்து வாய்க்கால். வயலுக்குத் திறந்துவிடுவது மடை. நிரம்பி வழிவதை அடுத்த குளத்துக்கு அனுப்புவது மறுகால். ஒரு குளத்தின் மறுகாலைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த குளத்தின் கரைக்கு வந்துவிடலாம். செல்போனில் வரைபடம் தேவைப்படாது.

கிராவல் லாரியின் கதையும் இங்கேதான் புரியும். குளத்தில் படியும் வண்டலை விவசாயி அள்ளி வயலில் போட்டால் குளத்துக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. அதற்கு அரசே அனுமதி கொடுக்கிறது. ஆனால், வண்டலோடு நிற்காமல் அடியில் இருக்கும் சரளை வரை ஆழமாகத் தோண்டினால் கதை வேறு. மடையின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் விழுந்துவிடும். அங்கே தேங்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. நீரைப் பிடித்து வைத்திருந்த களிமண் படுகையும் கிழிந்துபோகும். பார்ப்பதற்குக் குளம் நிறைந்த மாதிரி இருக்கும், மடை வறண்டு கிடக்கும். லாரியின் எடையில் கரையும் உட்காரும். சைக்கிள் போகும் பாதை போனால், அதற்கு முன்பே பாசனம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரே மலை, இரண்டு ஆறுகள்

ஆத்தூரிலிருந்து தென்மேற்கே சித்தரேவு, அய்யம்பாளையம் பக்கம் போனால் தென்னந்தோப்புகள் அடர்ந்துகொண்டே வரும். அய்யம்பாளையத்தில் மருதாநதி அணை. இந்த மருதாநதியும் அதே மலையிலிருந்துதான் இறங்குகிறது. ஆனால், இது மஞ்சளாறோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள் ஒரு பக்கத்து மழை காவிரிக்கும், மறு பக்கத்து மழை வைகைக்கும் பிரிந்துபோகிறது. காரில் போனால் இது தெரியவே தெரியாது. சைக்கிளில், சின்ன ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தை முழங்கால் சொல்லிவிடும்.

தண்ணீர் பிரியும் இடத்தில் மனக்கசப்பும் பிறக்கிறது. காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்து வருவதில் ராஜவாய்க்கால் வழியாகக் குளங்களுக்கு எவ்வளவு, குடகனாற்றில் கீழே எவ்வளவு என்பதில் இரு தரப்பு விவசாயிகளுக்கும் பல ஆண்டுகளாகப் பிணக்கு. மேலே இருப்பவர்கள் 'எங்க குளம் நிறையட்டும்' என்கிறார்கள். அனுமந்தராயன்கோட்டை போலக் கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் 'ஆத்துல தண்ணி வந்தாத்தான் எங்க கிணறு ஊறும்' என்கிறார்கள். இரண்டுமே நியாயம்தான். ஆத்தூரின் பச்சையைப் பார்த்துவிட்டு, அதே நாளில் ஆற்றோரமாகக் கீழே இறங்கி வறண்ட மணலையும் பார்ப்பவருக்கு, யார் பக்கம் பேசுவது என்று சட்டெனத் தீர்ப்புச் சொல்ல வராது.

இரண்டாம் காலை: ஆற்றின் கூடவே வடக்கே

அடுத்த பயணம் கரூர் சாலைப் பக்கம். நகரத்திலிருந்து எட்டொன்பது கிலோமீட்டரில் தாடிக்கொம்பு. குடகனாற்றை ஒட்டிய சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள் நிற்கின்றன. கல்லில் நகமும் நரம்பும் தெரியும் வேலைப்பாடு. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆற்றைப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கும். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான்.

ஆறு இப்படி ஆனதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. திண்டுக்கல்லைச் சுற்றி இயங்கிய தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நிலத்திலும் ஓடைகளிலும் இறங்கியது. கிணறுகள் உப்பாயின. தமிழகத் தோல் தொழிற்சாலைகள் பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய முக்கியமான தீர்ப்பில், வேலூர் பக்கத்து மாவட்டங்களோடு திண்டுக்கல்லின் பெயரும் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. அதே தொழில்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

தாடிக்கொம்பைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கிராமச் சாலைகளிலும் வண்டிப்பாதைகளிலுமாக வேடசந்தூர் போகலாம். இங்கே மண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். செம்மண் பாதை மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கரிசல் பாதை அப்படி இல்லை. ஈரத்தில் இறங்கினால் மண் அப்பம் அப்பமாக டயரில் ஒட்டி, பிரேக்கில் அடைத்து, பத்தடியில் சைக்கிளைத் தோளில் தூக்க வைத்துவிடும். உள்ளூர்க்காரர் யாராவது 'அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, சகதி' என்றால், மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

வேடசந்தூரில் நூற்பாலைகளும் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அதையும் தாண்டி அழகாபுரியில் குடகனாறு அணை. இப்போது வறண்டு கிடக்கும் நாட்களில் பார்ப்பவர்களுக்கு நம்பவே முடியாது. ஆனால், 1977-ல் வந்த வெள்ளத்தில் தண்ணீர் கரைக்கு மேலேறி இந்த அணையையே உடைத்துக்கொண்டு போனது. பிறகு மீண்டும் கட்டினார்கள். 'ஆறு செத்துப்போச்சு' என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்க வைக்கும் இடம் இது. ஆற்றுக்குத் தன் வழி மறக்காது. நாம்தான் அந்த வழியில் வேலி போட்டுவிடுகிறோம்.

மூன்றாம் காலை: தேவாங்கு வாழும் காடு

காடு பார்க்க வேண்டுமென்றால் உடனே நினைவுக்கு வருவது சிறுமலைதான். 18 கொண்டை ஊசி வளைவுகள். கால் பலம் உள்ளவர்களுக்கு அருமையான ஏற்றம், மேலே போனால் சிறுமலை வாழைப்பழம், பொதி சுமக்கும் குதிரைகள். ஆனால், அது தார்ச்சாலை. சாலையை விட்டு வனத்துக்குள் இறங்க அனுமதி இல்லை. காட்டுமாடுகள் உள்ள இடம் என்பதால் இறங்கவும் கூடாது.

மண் பாதைக்காரர்களுக்கு ஏற்றது வடக்கே இருக்கும் வடமதுரை, அய்யலூர் பக்கம். இங்கே காடு என்றால் வானுயர்ந்த மரங்கள் இல்லை. முள்ளும் புதருமாகக் கரடு. 'ஒண்ணுமில்லாத பொட்டல்' என்று பலரும் கடந்துபோன இந்தக் கரட்டுக்குள்தான் ஒரு பொக்கிஷம் ஒளிந்திருந்தது. சாம்பல் நிற உடம்பு, குச்சிக் கால்கள், முகம் முழுக்கக் கண்கள். தேவாங்கு!

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் இது. இரவில் மட்டும் வெளியே வந்து பூச்சிகளைத் தின்னும் இந்தப் பிராணி விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரன். மூடநம்பிக்கையும் நாட்டு மருந்து வியாபாரமும் சேர்ந்து வெகுகாலம் அதை வேட்டையாட வைத்தன.

தேவாங்குக்குக் குரங்கு மாதிரி தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையை மெதுவாக எட்டிப் பிடித்துத்தான் நகரும். வண்டிப்பாதையின் இரு பக்கமும் வேலியோரம் நிற்கும் மரங்கள் மேலே கைகோத்து நின்றால், அதுதான் அதற்குப் பாலம். பாதையை அகலப்படுத்த ஒரு வரிசை மரத்தை வெட்டினால் பாலம் அறுந்துவிடும். தரையில் இறங்கி நடந்தால் நாய்க்கோ, வண்டிச் சக்கரத்துக்கோ பலியாகும். குடைபோல மூடிய நிழலில் சைக்கிள் மிதிக்கும்போது சுகமாக இருக்கிறதே, அந்த நிழல் இன்னொரு உயிருக்கு நெடுஞ்சாலை!

பகலில் தேவாங்கு கண்ணில் படாது. படவில்லை என்று வருத்தப்படவும் வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடிப் போகக் கூடாது. சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். காட்டோரக் கிராமப் பாதைகளே ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளமாகப் போதும். மயில்கள் மட்டும் போதும் போதும் என்கிற அளவுக்கு எதிரே வரும்.

கிளம்பும் முன்...

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குளத்தில் தண்ணீர் இருக்கும், வெயில் கடிக்காது. மார்ச்சுக்குப் பிறகு போவதென்றால் ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

கருவேல முள்தான் பெரிய எதிரி. கூடுதல் டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு மூன்றும் கட்டாயம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்வது நல்லது. கரையில் தனியாரின் தோப்பு குறுக்கிட்டால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். யாரும் மறுப்பதில்லை, இளநீர் வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். ஆட்டு மந்தை எதிரே வந்தால் இறங்கி நிற்பது மரியாதை.

விலை உயர்ந்த சைக்கிள் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளே இந்தச் சமவெளிக்குப் போதும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியது இப்படிப்பட்ட சாதாரண வண்டிகளில்தான். அம்மாவும் மகளுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கரை வரை போய் வரலாம். திரும்பும் வழியில் சீரகச் சம்பா பிரியாணி இருக்கவே இருக்கிறது.

இந்தப் பாதைகளை விளையாட்டாக ஓட்டுபவர்கள் இன்று குறைவு. ஆனால், தினமும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். விடிகாலையில் பால் கேனோடு போகும் பெரியவர், மடை திறக்க மண்வெட்டியைக் கேரியரில் செருகிக்கொண்டு போகும் விவசாயி, புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கரை வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். கரை உடைந்தாலும் மரம் விழுந்தாலும் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

அவர்களோடு நகரத்துச் சைக்கிள்களும் நாலு சேர்ந்து வந்துபோனால், கரையில் விழும் லாரித் தடத்தைக் கவனிக்க இன்னும் சில கண்கள் கிடைக்கும். பதினோராம் வகுப்பில் சைக்கிள் வாங்கும் அடுத்த பிள்ளைக்கும் அந்தக் கரை அப்படியே இருக்கட்டும்.